பிரதம அதிதி இருக்கிறார், பந்தைக் காணோம்

உங்கட போனை எடுங்கள். ஊரில் கடைசியாக நடந்த கடற்கரைக் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை எந்தக் கழகம் நடத்தியதோ, அந்தக் கழகத்தின் பேஸ்புக் பக்கத்துக்குப் போங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். பிரதம அதிதி வருகிறார். பிரதம அதிதிக்கு மாலை. விசேட அதிதிக்குப் பொன்னாடை. அனுசரணையாளர் பெனருக்கு முன்னால். இரண்டு அணியும் வரிசையில் நிற்க, அதிதி ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கிறார். அதிதி பந்தை ஒருதரம் தூக்கி அடித்துப் போட்டியை ஆரம்பித்து வைக்கிறார் (பந்து இருக்கிற ஒரே படம் இதுதான்). மறுகா கிண்ணம். முடிஞ்சு.

ஆட்டம் எங்கே?

நாங்கள் ஒலுவிலில் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஒருத்தர், இரண்டு ஆண், இரண்டு பெண். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கெமரா. கல்யாண வீட்டுப் படமெடுக்கிற ஒருவர் கைமாற்றிய பழைய கெனான், அதோடு 250 மில்லிமீட்டர் வரை இழுக்கிற மலிவு லென்ஸ். இரண்டு வருசமாக இந்தக் கரையில் கரப்பந்து எடுக்கிறோம். போன போட்டியில் 600க்கு மேல் எடுத்து, அதில் 40 படத்தைத் தெரிந்து கழகத்திடம் கொடுத்தோம். அவர்கள் பக்கத்தில் ஏற்றியது ஆறு. ஆறிலும் பின்னால் எங்கேயோ அதிதி இருந்தார். ஏன் மற்றதெல்லாம் போடவில்லை என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் சொன்னார்: "ஆட்டப் படம் ஆருக்கு மனே வேணும்? ஆளே விளங்குதில்ல, மூஞ்சி கோணலாக் கிடக்கு."

மூஞ்சி கோணலாகத்தான் இருக்கும். மணலில் ஓடி, மணலில் இருந்து எழும்பி, முழுப் பலத்தையும் தோளுக்குக் கொண்டுவந்து அறைகிற ஒருவனின் மூஞ்சி அப்படித்தான் இருக்கும். அடையாள அட்டைக்கா எடுத்தோம்?

இந்த நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். 1991இல் அறிவித்தார்கள். கேட்டால் பாதிப் பேர் கிரிக்கெட் என்பார்கள். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கையின் ஆண் அணியும் பெண் அணியும் கடற்கரைக் கரப்பந்து ஆடின. எங்கட பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, மணல் கொஞ்சம் அகலமாக இருக்கிற இடமெல்லாம் இரண்டு தடி நட்டு வலை கட்டியிருக்கிறது. விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர்தான். நாங்கள் நாலு பேர், ஆறு பேர் என்று வந்த ஆட்களுக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறோம். அது பரவாயில்லை. ஆனால் இவ்வளவு ஆடுகிற ஒரு கரையில், ஆடினதற்குச் சாட்சியாக ஒரு நல்ல படம் இல்லை.

இதை எடுப்பது லேசில்லை என்பதையும் சொல்லவேணும். எங்களுக்குக் கிடைக்கிற நேரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான். கடல் எங்களுக்குக் கிழக்கே. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. ஐந்து மணிக்குப் பிறகு தென்னைகளுக்கு மேலால் வருகிற வெளிச்சம் மஞ்சளாகி, ஆடுகிறவன் மேலில் ஒரு பக்கமாக விழும். வியர்வை, ஒட்டின மணல், கையின் நரம்பு எல்லாம் தெரியும். அவனுக்குப் பின்னால் கடல் இன்னும் நீலமாகவே இருக்கும். மேற்குக் கரைக்காரன் சூரியனைப் பின்னுக்கு வைத்து நிழலுருவம் எடுத்துக்கொண்டிருக்க, எங்களுக்கு அல்லாஹ் தந்த வெளிச்சம் இது. ஆனால் ஒரு மணித்தியாலம்தான். ஷட்டர் 1/1000க்குக் குறைந்தால் பந்து வால்முளைத்த மாதிரி இழுபடும். ஆறு மணி நெருங்க 1/500கூடப் பிடிக்க ஏலாது. அதோடு மணல் வெள்ளை. கெமரா அந்த வெள்ளையைப் பார்த்து "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துத் தானாகவே குறைக்கும், எங்கட பெடியன்களின் கறுத்த முகம் இன்னும் கறுத்துக் கரிக்கட்டையாகும். கெமரா சொல்வதை நம்பாமல் ஒரு படி கூட்டி வைக்கவேணும் என்று படிக்க எங்களுக்கு மூன்று போட்டி போனது.

பந்து கையில் படுவதை லென்ஸுக்குள்ளால் கண்ட பிறகு விரலை அமத்தினால் பிந்திப்போச்சு. செட்டர் தூக்குகிறதைப் பார்த்து, அடிக்கிறவன் கடைசி இரண்டு அடி வைக்கிற தாளத்துக்கு அமத்தவேணும். அதற்கு ஆட்டம் தெரிந்திருக்கவேணும். எங்களில் ஒருத்தி பாடசாலைக் காலத்தில் செட்டராக ஆடினவள். அவள் எடுத்த படத்திலெல்லாம் பந்து இருக்கும், எங்கட படத்தில் பந்து இப்பத்தான் வெளியே போயிருக்கும். வலையடியில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதையும் அவள்தான் எங்களுக்குக் காட்டினாள். ஒரு விரல் என்றால் நேர்க்கோட்டை மறிக்கிறேன், இரண்டு விரல் என்றால் குறுக்கே வருகிறதை மறிக்கிறேன். கூட்டாளிக்கு மட்டும் சொல்கிற ரகசியம். 40 படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அப்படி ஒன்றுதான்: மணல் ஒட்டின முதுகு, இரண்டு விரல், அங்கால் மங்கலாக எதிரணி. அதைக் கண்ட ஒரு கழகக்காரர், "முதுகை ஏன்டா எடுத்த?" என்றார்.

சரி, கூடாரத்துக்கு வருவோம். ஆடுகிறவன் கண்ணில் வெயில் படக் கூடாதென்று தடலைக் கரையோடு ஒட்டி வடக்குத் தெற்காகப் போடுவார்கள். அப்படிப் போட்டால் படம் எடுக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்று: மேற்குப் பக்கம், வலைக்குச் சமீபம், சூரியன் முதுகில். அந்த இடத்தில் என்ன இருக்கிறது? அதிதிகளின் கூடாரம். வெள்ளைத் துணி போர்த்திய கதிரை, சோடாப் போத்தல், ஒலிபெருக்கிப் பெட்டி. எங்களைக் கடல் பக்கம் போய் நின்று எடுக்கச் சொல்வார்கள். அங்கிருந்து எடுத்தால் சூரியன் லென்ஸுக்குள் விழும், ஆடுகிறவன் இருட்டாவான், பின்னணியில் பளிச்சென்று தெரிகிறவர்கள் ஆர்? அதிதிகள். வேண்டுமென்று செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நிழலுக்காகத்தான் போடுகிறார்கள். ஆனால் விளைவு அதுதான்.

இதெல்லாம் சின்ன விசயம் என்று நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். எங்கட கடற்கரையின் படம் என்று வெளியே தேடினால் என்ன வருகிறது? 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆகக் கூடுதலான ஆட்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அப்போது நாங்கள் கைக்குழந்தைகள், அல்லது உம்மாவின் வயிற்றில். அந்தக் கரையை எல்லா நாட்டுக் கெமராவும் வந்து எடுத்தது, எடுக்கத்தான் வேணும். மருதமுனையில் "65 மீட்டர்" என்று சொன்னால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். கடலிலிருந்து அந்தத் தூரத்துக்குள் இருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கான வீட்டுத்திட்டத்துக்கே அந்த எண்தான் பேர். வீடுகள் போன அந்த வெறும் மணலில்தான் இப்போது தடி நட்டு வலை கட்டுகிறார்கள். நாங்கள் எடுத்த ஒரு படத்தில் தடலின் மூலையில் பழைய கிணற்றுக் கட்டு ஒன்று தெரிகிறது. பந்து அதற்குள் விழாமல் இருக்கப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். இந்தக் கரையில் ஆட்கள் செத்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும். இந்தக் கரையில் ஆட்கள் துள்ளுகிறார்கள் என்று ஆர் சொல்வது?

மணலும் இருந்தபடியே இருக்கப் போவதில்லை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்ததற்குப் பிறகு பக்கத்துக் கரையைக் கடல் தின்றுகொண்டிருப்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆட்டத்துக்காக எடுத்த படங்களை வரிசையில் வைத்துப் பார்த்தால், பின்னால் அலை கோட்டுக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரிகிறது.

இனி, சொல்லக் கூச்சமான பகுதி.

போன வருசம் ஒரு ஊரில், சுபஹுக்குப் பிறகு வெள்ளாப்பில், ஆள் நடமாட்டம் இல்லாத மணலில் ஐந்தாறு பெண் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து பயிற்சி எடுத்தார்கள். முழுக்கை, நீளக் காற்சட்டை, இறுக்கிக் கட்டின ஸ்காப். எங்கட இரண்டு பெண் தோழிகளையும் அவர்களே கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள், "எங்கட கை எப்பிடி வருது எண்டு பாக்கணும்" என்று. அதில் ஒரு படம். ஒருத்தி மணலுக்கு மேலே அப்படியே தொங்குகிறாள். அடிக்கிற கையின் முழங்கை காதுக்கு மேலே, மற்றக் கை பந்தைச் சுட்டிக்கொண்டு, பின்னால் அப்பத்தான் எழும்பின சூரியன். நாங்கள் எடுத்ததில் அதுதான் உச்சம். எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. எல்லாப் படத்தையும் ஒன்றாகப் போட்டு, கேட்ட ஒரு பெடியனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். பின்னேரம் அது ஒரு செய்திப் பக்கத்தில் கிடந்தது. இரவுக்குள் நூற்றுக்கணக்கில் கொமெண்ட். வாப்பாமார் எங்கே போனார்கள், காற்சட்டை இறுக்கமா தளர்வா, எந்த ஊர், ஆர்ட மகள். ஆதரவாக எழுதினவர்களும் உடுப்பைப் பற்றித்தான் எழுதினார்கள், "பாருங்கள், ஒழுங்காக மூடித்தானே இருக்கிறாள்" என்று. அந்த முழங்கையைப் பற்றி ஒருவர் எழுதவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவளை விளையாட விடவில்லை. அவள் ஆடாததால் கூட்டாளியும் ஆடவில்லை. அனுமதி கேளாமல் அனுப்பினது நாங்கள். அந்தப் பிழை எங்கட. படத்தை அழிக்கச் சொல்லி அவள் அனுப்பின செய்தி எங்களிடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு அதே படத்தைத் தனக்கு மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்ட செய்தியும் இருக்கிறது.

இது எங்கட ஊர்க்காரரின் வியாதி மட்டும்தானா என்று தேடிப் பார்த்தோம். இல்லை. கடற்கரைக் கரப்பந்தில் பெண்களின் பிகினியின் பக்க அகலம் 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஒரு காலத்தில் சர்வதேச விதியே இருந்தது. 2012இல்தான் அரைக்காற்சட்டையும் கைவைத்த மேற்சட்டையும் போடலாம் என்று மாற்றினார்கள். அந்த வருசம் லண்டன் ஒலிம்பிக்கில் வந்த பெண்கள் கரப்பந்துப் படங்களில் பலவற்றுக்குத் தலை இருக்கவில்லை, இடுப்புக்குக் கீழேதான். அமெரிக்காவின் மெட்ரோ பத்திரிகை மற்ற விளையாட்டுகளின் வீரர்களையும் அதே மாதிரிப் பின்பக்கமாக வெட்டிப் போட்டு, எல்லா விளையாட்டையும் இப்படி எடுத்தால் எப்படி இருக்கும் என்று நக்கலடித்தது. 2016 ரியோவில் எகிப்தின் தூஆ அல்கோபாஷி ஹிஜாபோடு ஆடினார். வலைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பிகினியோடு ஜேர்மன் வீராங்கனை, இருவரின் கையும் பந்துக்காக மேலே. ரொய்ட்டர்ஸின் லூசி நிக்கல்சன் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. இரண்டு கலாசாரம் மோதுகிறது என்று எழுதினார்கள். இரண்டு பேரும் ஒரு பந்துக்குத்தான் மோதினார்கள். புள்ளி ஆருக்குப் போனது என்று அந்தப் படத்தைப் பகிர்ந்த எத்தனை பேருக்குத் தெரியும்? அல்கோபாஷி 2024இல் பரிஸில், ஈபிள் கோபுரத்தடியில் திரும்பவும் ஹிஜாபோடு ஆடினார். அதே விழாவில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகள் ஹிஜாப் போடக் கூடாது என்றது. துணியைக் குறைக்கச் சொல்லி அளவுகோல் பிடித்தவனும் கூட்டச் சொல்லிக் கொமெண்ட் எழுதுகிறவனும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் பந்து தெரியாது.

"அப்ப பொம்புளப் புள்ளயள எடுக்காம விடுங்கவன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களும் உண்டு. படமே கூடாது என்கிற மார்க்கக் கருத்தைப் பேணி, தன் கல்யாணத்திலும் கெமராவை விடாத ஒருவர் எங்கட ஊரில் இருக்கிறார். அவர் சொன்னால் தலைகுனிந்து கேட்போம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ட்ரோன் பறக்கவிட்டவர் சொன்னால் கேட்க மாட்டோம். எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்: தெரிவுக்குப் போகிறபோது பெடியனிடம் தான் ஆடினதைக் காட்ட வீடியோ இருக்கும், படம் இருக்கும், பிள்ளையிடம் ஒன்றும் இருக்காது. பத்து வருசத்துக்குப் பிறகு, இந்தக் கரையில் பெண்கள் ஆடினதே இல்லை என்று அதே ஆட்கள் சொல்வார்கள். நாங்கள் மறுத்துப் பேசக் கையில் என்ன இருக்கும்?

அதனால் இப்போது வேறு மாதிரிச் செய்கிறோம். பெண்களின் ஆட்டத்தைப் பெண்கள்தான் எடுப்பது. எடுத்த படம் முதலில் ஆடினவளின் கைக்குப் போகும். வெளியே போடுவதா இல்லையா என்பது அவளின் முடிவு. கழகமோ, பாடசாலையோ, நாங்களோ அதில் தலையிட ஏலாது. முகம் வேண்டாம் என்றால் கை மட்டும், மணலில் கால் மட்டும், முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் மட்டும். பெடியன்களுக்கும் இதே விதிதான். அவர்களிடமும் ஒருவரும் இதுவரைக்கும் கேட்டதில்லை.

கழகங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. நோன்புப் பெருநாளைக்கு அடுத்த கிழமை மூன்று ஊரில் போட்டி என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அதிதிகளைக் கூப்பிடுங்கள், பொன்னாடையும் போர்த்துங்கள், எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. கூடாரத்தை மட்டும் தடலின் வடக்குத் தலைப்பில் போடுங்கள். அங்கேயும் தென்னை நிழல் விழும். மேற்குப் பக்கம், நடுவரின் கதிரைக்குப் பக்கத்தில், எங்களுக்கு இரண்டு மீட்டர் மணல் போதும். நாலரைக்கே வந்திடுவோம்.