குழாய் வந்தால் போதுமா?

கொற்கை முத்து உரோமாபுரி வரை சென்றது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்த முத்தை மூழ்கி எடுத்தவனுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்ததா என்று எவரேனும் கேட்டதுண்டா? கரை மணலில் தோண்டிய ஊற்றே அவனுக்குக் கதி. கோடை வந்தால் அதுவும் உவர்த்துவிடும்.

தூத்துக்குடியின் தாகம் தீர்த்தவர் குரூஸ் பர்னாந்து. நகராட்சித் தலைவராக இருந்த அவரது முயற்சியால் 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே ஊருக்கு வந்தது. குழாயும் எஞ்சினும் அன்று உலகம் காணாத புதுமைகளல்ல. ஆற்றங்கரை முதல் தெருக்குழாய் வரை 'இது எங்கள் பொறுப்பு' என்று ஒரு நகராட்சி ஏற்றதே புதுமை என்பேன்.

இன்றோ புதுமை என்றாலே இயந்திரம் என்று எண்ணுகிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் வந்தன. நல்லதே. ஆனால் அவற்றுக்கு ஓயாத மின்சாரம் வேண்டும்; அடைபட்ட சவ்வுகளை மாற்ற வேண்டும்; எஞ்சும் கடும் உப்புநீர் மீண்டும் கடலுக்கே போகும். நம் கடலோ பவளமும் முத்துச்சிப்பியும் வாழும் மன்னார் வளைகுடா; 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உப்புநீரை எங்கே, எப்படி விடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டாமா?

கழிப்பறையின் கதையும் இதுவே. கடலோர மணலில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். அங்கே கழிப்பறைக் குழி வெட்டினால் பக்கத்து அடிபம்பிலும் கிருமி கலக்கும். மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, சாம்பல் தூவி, மலத்தை உரமாக்கும் கழிப்பறை முசிறியில் பயன்பாட்டுக்கு வந்தது. நம் மணலுக்கு ஏற்றது அதுவே. "மக்கள் பழகமாட்டார்கள்" என்பர் சிலர். பழக்கிக் காட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வைக்காமல் மக்களைப் பழிப்பது நியாயமா?

செப்டிக் டாங்குக்குள் பாதுகாப்பு ஏற்பாடின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் 2020 ஜூலையில் இம்மாவட்டத்துச் செக்காரக்குடியில் நால்வர் நச்சுக்காற்றால் மாண்டனர். கழிவை உறிஞ்சும் இயந்திரம் உலகில் இல்லாமலா அவர்கள் இறந்தார்கள்? இருக்கிறது. அந்தத் தொட்டிக்குத்தான் அது வரவில்லை.

மாணவ நண்பர்களே! புதிய கருவி எதற்கும் திறப்பு விழாவில் கைதட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: பழுதானால் யார் சரிசெய்வார்? செலவை யார் தருவார்? கடைசித் தெருவுக்கு என்று வரும்? நம் வேதியியல் ஆய்வுக்கூடம் அருகிலுள்ள கடற்கரைச் சிற்றூர்களின் கிணற்று நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊராரிடம் சொல்லட்டும். அதற்குப் பெரும்பணம் வேண்டாம். விடாமல் செய்யும் மனம் போதும்.