சால்ட் லேக் ஏரிகள்: உல்லாசத்துக்கா, உழைப்புக்கா?

சால்ட் லேக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு விடுமுறை நாளில் காற்று வாங்கப் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. ஊர் நடுவே பனபிதான் பூங்கா இருக்கிறது. 1991ல் திறந்த நிக்கோ பார்க் இருக்கிறது. சற்றுத் தள்ளி நியூ டவுனில் 2012 டிசம்பரில் திறந்த, 480 ஏக்கர் பரப்புள்ள எக்கோ பார்க் இருக்கிறது. ஐந்தாம் செக்டார் அலுவலகங்களின் ஜன்னலிலிருந்தே தெரியும் நல்பன் ஏரியும் இருக்கிறது. நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் காணக் காசு வேண்டியதில்லை.

ஆனால் இந்த நான்கில் நல்பன் ஏரியை மற்ற மூன்றோடு சேர்த்து எண்ணுவது சரியல்ல. அது அடிப்படையில் பூங்கா அல்ல, மீன் பண்ணை. படகுச் சவாரி பின்னால் வந்தது. இந்த வேறுபாட்டில்தான் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்களின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

செத்த ஆறு, பிழைத்த ஏரி

ஒரு காலத்தில் இங்கே வித்யாதரி ஆறு ஓடியது. கடல் ஏற்றத்தின்போது அதன் வழியே வந்த உப்பு நீர் பரவிக் கிடந்த பள்ளங்களே உப்பேரிகள். சால்ட் லேக் என்ற பெயருக்குக் காரணமும் அதுவே. வண்டல் படிந்து ஆறு தூர்ந்து போயிற்று. 1928ல் அது செத்த ஆறு என்றே அறிவிக்கப்பட்டது. உப்பு நீர் வரத்து நின்றதும் உவர் மீன் வளர்ப்பும் நொடித்தது.

கொல்கத்தா நகரின் தரை, மேற்கே ஹூக்ளிக் கரையில் உயர்ந்து கிழக்கே தாழ்ந்தது. ஆகவே ஊர்ச் சாக்கடை முழுவதும் கிழக்கு நோக்கியே ஓடும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தச் சாக்கடை நீரையே குளத்தில் விட்டு மீன் வளர்க்க இங்குள்ளவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆறு செத்த இடத்தில் ஏரி மறுபிறவி எடுத்தது. எந்தத் திட்டமும் அறிக்கையும் இல்லாமல், மீனவர்களின் அனுபவ அறிவினால் நடந்த மீட்பு அது.

வேலை நடக்கும் விதம் எளியது. வங்காளிகள் 'பேரி' என்று சொல்லும் இந்தக் குளங்களுக்கு ஆழம் குறைவு. வெயில் அடிவரை இறங்கும். சாக்கடையில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதில் பாசி செழிக்கிறது. பாசியை மீன் தின்கிறது. கரையில் விட்டு வைக்கும் ஆகாயத் தாமரை அலையைத் தடுத்து மண்ணைக் காக்கிறது. தெளிந்த நீர் வயலுக்குப் போகிறது. நாள்தோறும் சுமார் 75 கோடி லிட்டர் கழிவு நீர் நகரிலிருந்து இந்தப் பக்கம் வருவதாக ஒரு கணக்கு. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது. இதே வேலைக்கு இயந்திர நிலையங்கள் கட்டி, மின்சாரம் செலவழித்து, சம்பளமும் கொடுப்பதென்றால் மாநகராட்சியின் கஜானா தாங்குமா என்பது கேள்வி.

மண்ணுக்குள் போன பாதி

இந்த ஏரிகளின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் ஊரே எழுந்தது. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயின் கனவுத் திட்டம் அது. 1962ல் வேலை தொடங்கியது. யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளி ஆற்றின் வண்டலைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியே கொண்டுவந்து ஏரியில் கொட்டி மேடாக்கியது. பிதான் நகர் என்று பெயர் பெற்ற அந்த ஊர் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு தந்தது. ஏரியை நம்பியிருந்த மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள் என்பதும் மறக்கத் தக்கதல்ல.

எஞ்சிய ஏரிகளின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மாநில அரசின் பொறியாளரான துருவஜோதி கோஷ். நகரத்தின் கழிவு நீர் எங்கே போகிறது என்று தேடிப் புறப்பட்டவர், 2018ல் காலமாகும் வரை இதற்காகவே உழைத்தார். 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 1992ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இங்கே நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. 2006ல் மாநில அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. அப்படியும் ஆக்கிரமிப்பு நின்றபாடில்லை. சட்டத்தை மீறிய கட்டடங்கள் பற்றிய வழக்குகள் தொடர்ந்து வந்துள்ளன.

தமிழ்நாட்டு அனுபவம்

சென்னையில் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலம் குப்பையும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, மரம் நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அது அரசாங்கம் பணம் போட்டு மீட்ட நிலம். பணமும் கவனமும் உள்ளவரை அது நிலைக்கும்.

வேடந்தாங்கலின் கதை வேறு. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று கண்ட குடியானவர்கள், சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். பறவையைக் காப்பது அவர்களுக்கு லாபமாக இருந்தது.

கொல்கத்தாவில் இந்தக் கணக்கு தலைகீழ். நீர்க்காகம் விழுங்கும் ஒவ்வொரு மீனும் பண்ணைக்காரருக்கு நஷ்டம். பறவை பார்க்க வருபவருக்கு மகிழ்ச்சி தருவது, மீன் வளர்ப்பவருக்குத் தலைவலி. ஆனாலும் மீன் பண்ணை போய்விட்டால் ஏரியும் போகும், ஏரியோடு பறவையும் போகும். இதை மறந்து, படகு, உணவு விடுதி, வண்ண விளக்கு என்று மட்டும் திட்டம் தீட்டினால் எஞ்சுவது வெறும் தண்ணீர்த் தொட்டியாகவே இருக்கும். கேளிக்கைக்கு வருவோர் தரும் கட்டணத்தில் ஒரு பகுதி, பறவையால் வரும் நஷ்டத்தை ஈடு செய்யவும், வாய்க்கால் தூர் வாரவும், மீனவர் கூட்டுறவுகளுக்கு உதவவும் போகுமானால் உல்லாசமும் உழைப்பும் ஒன்றையொன்று தாங்கும்.

சாமானியரின் பங்கு

இது விஞ்ஞானிகளும் வக்கீல்களும் மட்டும் பேச வேண்டிய விஷயமல்ல. காலைச் சந்தையில் ருயி, காத்லா மீன் வாங்கும் குமாஸ்தாவின் வீட்டுச் செலவு இதில் இருக்கிறது. மழைக் காலத்தில் முழங்கால் தண்ணீரில் வேலைக்குப் போகும் தொழிலாளியின் அவதியும் இதில் இருக்கிறது. மழை நீரும் கழிவு நீரும் கிழக்கே குல்டி ஆறு வரை போய்ச் சேர வேண்டிய வழி இந்தச் சதுப்பு நிலத்தில்தான் உள்ளது. வழியில் கட்டடம் எழுந்தால் தண்ணீர் முதலில் திரும்புவது தாழ்ந்த தெருக்களுக்குத்தான். வாடகை குறைந்த வீடுகள் இருப்பதும் பெரும்பாலும் அத்தகைய தெருக்களில்தான்.

மலிவு விலையில் மனை என்று விளம்பரம் கண்டு முன்பணம் கொடுப்பவர்கள், அந்த மனை 12,500 ஹெக்டேர் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. குளத்தைத் தூர்த்த மனையில் கட்டிய வீடு இடிக்கப்பட்டால் போவது வாங்கியவரின் ஆயுட்காலச் சேமிப்பு.

நல்பன் கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும் குடும்பத்தினர், படகில் ஏறுமுன் சற்று நின்று, எதிரே வலை இழுக்கும் மனிதர்களையும் காட்டலாம். அந்த ஏரி இன்னமும் ஏரியாக இருப்பது அவர்களால்தான்.