பர்மாவுக்கு டூர் போகலாமா, தோழர்களே?

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு படம் போட்டான். விடியற்காலைப் பனிமூட்டம், அதற்குள் வரிசை வரிசையாகச் செங்கல் கோபுரங்கள், மேலே ஒரு பலூன். கீழே எழுதியிருந்தான்: "தாய்லாந்து, பாலியெல்லாம் எல்லாரும் போறதுதான். நாம பர்மா போவோமா? கூட்டமே கிடையாது. பௌத்த பூமி. பாபாசாகேப் போன ஊர்."

அரை மணி நேரத்தில் பதினோரு பேர் சரி என்றார்கள். ஒருவர் செலவுக் கணக்கே போட்டுவிட்டார். யாரும் கேட்காத ஒரு கேள்வியை இங்கே கேட்கிறோம்: இப்போது அங்கே போகலாமா? கூடாது என்பதுதான் எங்கள் பதில். கோபம் வந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். விடுமுறை எடுப்பது குற்றமல்ல. நம் அப்பா அம்மாவுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கிடைத்ததில்லை. அவர்கள் போன ஒரே 'டூர்' மாநாட்டுக்கு லாரியில் போனதுதான். அந்த வீட்டுப் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கடற்கரையில் நின்று ஒரு போட்டோ போட்டால் உடனே வருவான் ஒருத்தன்: "கோட்டா காசுல ஃபாரின் டூரா?" வருடத்துக்கு இரண்டு முறை சிங்கப்பூர் போகிறவனிடம் அவன் இதைக் கேட்பதில்லை. நாம் எப்போதும் போராடிக்கொண்டே, அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்பதும் சாதி போட்ட சட்டம்தான். ஊர் சுற்றுவதும் ஓய்வெடுப்பதும் நம் உரிமை. அதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

எங்கள் சண்டை பயணத்தோடு அல்ல. 'பௌத்த பூமி' என்ற அந்தச் சொல்லோடு.

பர்மாவோடு நமக்கு உண்மையான உறவு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனில் கிளை இருந்தது. 1907-ல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை அங்கே நம் மக்கள் வாசித்தார்கள். 1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த மூன்றாவது உலக பௌத்தர் மாநாட்டில் பாபாசாகேப் கலந்துகொண்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவருக்குத் தீட்சை கொடுத்த சந்திரமணி மகாதேரர், பர்மாவின் அரக்கானில் பிறந்தவர். நம் விடுதலையின் மிக முக்கியமான நாளில் ஒரு பர்மியக் குரல் திரிசரணம் சொல்லிக்கொடுத்தது. இதையெல்லாம் நாம் மறக்கப் போவதில்லை.

அந்த அரக்கான்தான் இன்றைய ராக்கைன் மாநிலம். 2017 ஆகஸ்டில் அங்கே ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம்களின் கிராமங்களை எரித்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். தளபதிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று 2018-ல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு சொன்னது. இதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, காவியுடை அணிந்த விராத்து போன்ற பிக்குகள் முஸ்லிம் கடைகளில் வாங்காதே, அவர்களோடு திருமண உறவு வைக்காதே என்று பிரச்சாரம் செய்துவந்தார்கள். கடையில் வாங்காதே, பெண் கொடுக்காதே, குடியுரிமை கொடுக்காதே. இந்தப் பட்டியலை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? கேட்ட காதுகள்தானே நம்முடையவை?

இன்னொன்றும் சொல்கிறோம், இது நமக்கே வலிக்கும். நாம் போட்டோ எடுக்க ஆசைப்படும் அந்தப் புத்தர் கோயில்களுக்கு அடிமைகள் இருந்தார்கள். மன்னர்கள் போர்க் கைதிகளையும் குற்றம் சாட்டப்பட்டவர்களையும் கோயிலுக்கு 'தானம்' செய்தார்கள். பாகன் கல்வெட்டுகளில் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து மனிதர்களும் தானப் பட்டியலில் வருகிறார்கள். காலப்போக்கில் கோயில் அடிமை என்பது பரம்பரைத் தீட்டாக இறுகியது. பிறப்பால் அடிமை, பிள்ளையும் அடிமை, மற்றவர்கள் அவர்களோடு உண்ண மாட்டார்கள், மணஉறவு கொள்ள மாட்டார்கள். பிணம் புதைத்தவர்களுக்கு அங்கே இருந்த பெயர் 'சண்டால'. ஆமாம், நம் தலையில் கட்டிய அதே சொல்தான், பாலி வழியாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

இதனால் புத்தர் பொய்யாகிவிடுவாரா? இல்லை. ஆனால் பௌத்தம் என்று பெயர்ப்பலகை வைத்த நாடெல்லாம் சமத்துவ பூமி என்று நம்புவது பாபாசாகேப் கற்றுக்கொடுத்த பௌத்தம் அல்ல. அவர் கேட்ட மதம், கேள்வி கேட்க அனுமதிக்கும் மதம்.

சரி, பழைய கதை போகட்டும், இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைமை தாங்கிய மின் ஆங் லைங்தான் 2017-லும் ராணுவத் தலைமைத் தளபதி. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்: மாணவர்கள், நர்சுகள், ரயில்வே ஊழியர்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 2022 ஜூலையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் ஒருவர் ராப் பாடகராக இருந்து எம்.பி. ஆனவர். 2024-ல் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். நம் வயதுப் பிள்ளைகள் அங்கிருந்து தப்பியோட வழி தேடும்போது, நாம் உள்ளே நுழைய விசா தேடுகிறோம்.

"அரசாங்கத்துக்கும் டூரிஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் கேட்டார். சம்பந்தம் உண்டு. 1990-ல் பழைய பாகனில் கோயில்களுக்கிடையே வாழ்ந்த மக்களை ராணுவ அரசு வெளியேற்றிப் புதிய குடியிருப்புக்குத் தள்ளியது. 1996-ஐ 'மியான்மர் சுற்றுலா ஆண்டு' என்று அறிவித்தபோது, மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வார மக்களையும் கைதிகளையும் கூலியில்லாமல் இறக்கினார்கள். நாம் படகு விடும் தண்ணீர் எப்படிச் சுத்தமானது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊரை அழகாக்க யாரைக் காலி செய்வார்கள் என்று சென்னையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியப்பட்ட நம் மக்களிடம் கேட்டால் தெரியும்.

நியாயமான ஒரு எதிர்வாதமும் இருக்கிறது. "டூரிஸ்ட் போகாவிட்டால் குதிரைவண்டிக்காரர் பட்டினி கிடப்பாரே?" உண்மை. அதை லேசாகத் தள்ள எங்களுக்கு மனமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். விசாக் கட்டணமும் விமான நிலையக் கட்டணமும் வரியும் முதலில் ஆட்சிக்குப் போகின்றன. ராணுவமே பெரும் வணிகக் குழுமங்களை நடத்துகிறது. வண்டிக்காரர் கைக்குப் போவது கடைசிச் சில்லறை. அதைவிடப் பெரிய லாபம் நம் படம். "பாருங்கள், வெளிநாட்டவர் வருகிறார்கள், நாடு அமைதியாக இருக்கிறது" என்று காட்ட அவர்களுக்கு நம் செல்ஃபி வேண்டும்.

ஆங் சான் சூச்சி என்ன சொல்கிறார் என்று சிலர் கேட்பார்கள். 1990-களில் சுற்றுலாவைப் புறக்கணிக்கச் சொன்னவர் அவர். அதே சூச்சிதான் 2019 டிசம்பரில் ஹேக் நகர உலக நீதிமன்றத்தில் நின்று இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்துத் தன் நாட்டுக்காக வாதாடினார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அதே ராணுவம் அவரைச் சிறையில் தள்ளியது. பக்தி அரசியலின் முடிவு சர்வாதிகாரம் என்று பாபாசாகேப் எச்சரித்தார். அங்கேயும் அதுதான் பாடம். ஒரு தலைவரின் வார்த்தைக்காக நாம் முடிவெடுக்க வேண்டாம். மக்கள் செய்ததைப் பார்ப்போம்.

மக்கள் செய்தது இது. 2007-ல் பர்மியப் பிக்குகள் ராணுவத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். பிச்சைப் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார்கள். ராணுவக் குடும்பங்கள் இடும் தானத்தை ஏற்க மாட்டோம், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்க நாங்கள் உதவ மாட்டோம் என்பது அதன் பொருள். விராத்துவும் பிக்குதான், இவர்களும் பிக்குகள்தான். நமக்கு எந்தப் பௌத்தம் வேண்டும்? நம் டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்வதும் அந்தக் கவிழ்த்த பாத்திரம்தான்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பர்மா வணிகம் பற்றிப் பெருமையாக நிறைய எழுதிவிட்டார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை, கடனுக்காகக் கைமாறி, 1938 வாக்கில் 25 விழுக்காட்டை எட்டியது. மேஸ்திரியின் முன்பணத்தில் கட்டுண்டு கப்பலேறிய நம் பாட்டன்கள் ரங்கூனில் மூட்டை சுமந்தார்கள், மலம் அள்ளினார்கள். பர்மியர்களின் கோபம் வட்டிக்கடை மீது மூண்டாலும் அடி விழுந்தது கூலிக்காரன் முதுகில். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பல லட்சம் பேர் காட்டுவழியே நடந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, நடுகல்லும் இல்லை. அந்த மண்ணுக்கு நாம் ஒருநாள் போகத்தான் வேண்டும். துப்பாக்கிக்காரனின் விருந்தாளியாக அல்ல.

அதுவரை எங்கே போவது? எங்கே வேண்டுமானாலும் போங்கள். போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நம் பணம் முதலில் யார் கைக்குப் போகிறது? நாம் பார்க்கப் போகும் இடத்திலிருந்து யாரைத் துரத்தினார்கள்? நம்மோடு மனம்விட்டுப் பேசுகிறவருக்கு நாம் போன பிறகு ஆபத்து வருமா? லாவோஸ், கம்போடியா, கொடைக்கானல், எதற்கும் இதே கேள்விதான்.

எங்கள் குழுவில் முதலில் சண்டை வந்தது, பிறகு முடிவும் வந்தது. இந்த வருடம் அக்டோபர் 14-க்கு நாக்பூர் போகிறோம். ஸ்லீப்பர் கோச்சில், பாட்டுப் பாடிக்கொண்டு. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி, சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் பல ஆண்டுகளாக வாழும் ரோஹிங்கியா குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமாகப் போகும். அங்கே போய் அவர்களோடு படம் எடுக்க மாட்டோம்.

படம் போட்ட தம்பிதான் நாக்பூர் டிக்கெட் போடுகிறான். வருகிறவர்கள் அவனிடம் பெயர் கொடுங்கள்.

ஜெய்பீம்.