தேங்கி நிற்கும் பெட்டகங்களே பேராபத்து

தலைநகர் தில்லிக்கும் கடலுக்கும் வெகு தொலைவு. ஆனால், துறைமுகப் பாதுகாப்பில் ஏற்படும் ஓட்டை தில்லியின் வாசல்வரை வந்து சேரும் என்பதை இரு சம்பவங்கள் உணர்த்தியிருக்கின்றன. 2004 செப்டம்பரில் காஜியாபாத் அருகே ஓர் உருக்காலையில், இறக்குமதியான இரும்புக் கழிவுடன் கலந்து வந்த வெடிபொருள் வெடித்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2017 மே மாதத்தில் துக்ளகாபாத் உள்நாட்டுச் சரக்கு முனையத்தில் ஒரு பெட்டகத்திலிருந்து ரசாயனம் கசிந்ததால், அருகிலிருந்த பள்ளியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவியர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய விபத்துகள் நேரும்போதெல்லாம் எழும் முதல் குரல், "வரும் பெட்டகங்கள் அனைத்தையும் சோதிக்க வேண்டும்' என்பதுதான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இது நடைமுறைக்கு ஒவ்வாதது. தனது நாட்டுக்கு வரும் பெட்டகங்கள் அனைத்தும் கப்பலில் ஏற்றப்படும் துறைமுகத்திலேயே ஊடுகதிர் சோதனைக்கு உள்ளாக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கா 2007-இல் சட்டம் இயற்றியது. 2012-க்குள் நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டிய அந்தச் சட்டத்தின் காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பணபலமும் தொழில்நுட்பமும் மிக்க வல்லரசுக்கே கைகூடாத ஒன்றை நவஷேவாவிலும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

உண்மையில் பெரிய கடத்தல்கள் பிடிபடுவது வேறு வழியில்தான். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரு பெட்டகங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் கைப்பற்றப்பட்டது. டால்க் கற்கள் என்று ஆவணத்தில் குறிப்பிடப்பட்டிருந்த அந்தச் சரக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்தது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரியோ விஜயவாடா. முன்கூட்டியே கிடைத்த தகவலின் அடிப்படையில்தான் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் அந்தப் பெட்டகங்களைத் திறந்தது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார், சரக்கு ஏன் இந்த வழியில் வருகிறது என்ற கேள்விகள், பூட்டை உடைத்துப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

பாதுகாப்பு என்றாலே தாமதம் என்று வணிகர்களும், விரைவு என்றாலே அலட்சியம் என்று அதிகாரிகளும் கருதுகின்றனர். இரண்டுமே தவறு. தாமதமே ஆபத்தாக மாறும் என்பதற்குச் சென்னை மணலி சாட்சி. 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 பெட்டகங்களில் அங்கே ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி லெபனான் தலைநகர் பெய்ரூட் துறைமுகத்தில், ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான் மணலி சரக்கு அவசர அவசரமாக ஹைதராபாதுக்கு அனுப்பப்பட்டது. சரக்கு இறங்கி 30 நாள்களுக்குள் விடுவிக்கப்படாவிட்டால், உரியவருக்கு அறிவித்துவிட்டு விற்கலாம் என்று சுங்கச் சட்டம் சொல்கிறது. ஆனால், வழக்கு, முறையீடு என்று கோப்புகள் உறங்கும்போது பெட்டகங்களும் உடன் உறங்குகின்றன.

நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. ஐயத்துக்குரிய சரக்கை மட்டும் கணினி வழியே பிரித்தறியும் முறை 2005-லும், நம்பகமான வர்த்தகர்களுக்கு அங்கீகாரம் அளித்து விரைவாக அனுமதிக்கும் திட்டம் 2011-லும் தொடங்கின. ஏற்றுமதிப் பெட்டகங்களுக்கு 2017 முதல் மின்னணு முத்திரை வந்தது. காஜியாபாத் விபத்துக்குப் பிறகு, இரும்புக் கழிவைக் கப்பலில் ஏற்றும் முன்பே ஆய்வு செய்து சான்று பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. இவையனைத்தும் சொல்வது ஒன்றுதான்: பெட்டகம் கரையைத் தொடும் முன்பே அதைப் பற்றிய உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

நம்பகமானவர் என்ற முத்திரையைக் கேடயமாக்கிக்கொண்டு கடத்தல் நடக்காதா என்ற கேள்வி நியாயமானதே. முன்னறிவிப்பில்லாத தணிக்கையும், பொய்த் தகவல் தந்தால் அங்கீகாரத்தை உடனே ரத்து செய்யும் கண்டிப்புமே அதற்கு விடை. அதேவேளையில், பெரு நிறுவனங்களுக்கு எளிதில் கிட்டும் இந்த அங்கீகாரம் திருப்பூரின் சிறு ஏற்றுமதியாளருக்கும் எட்டும் வகையில் நடைமுறைகள் எளிமையாக்கப்பட வேண்டும்.

1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025-இல் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் மட்டும் போதாது. ஊடுகதிர்ப் படங்களைப் படித்தறியும் பயிற்சி பெற்ற ஊழியர்கள், மாநிலங்களின் கட்டுப்பாட்டிலுள்ள துறைமுகங்களுக்கும் ஒரே தரத்திலான பாதுகாப்பு, அபாயகரமான சரக்கு தொடர்பான வழக்குகளை முடிக்கத் தெளிவான காலக்கெடு, குடியிருப்புகளுக்கு அப்பால் கிடங்குகள் ஆகியவை உடனடித் தேவைகள். நேர்மையான சரக்கு தடையின்றி நகர்ந்தால்தான், ஐயத்துக்குரிய பெட்டகத்தைக் கூர்ந்து நோக்க அதிகாரிகளுக்கு நேரம் கிடைக்கும். மத்திய அரசு இதை உணர மற்றொரு விபத்து தேவைப்படக் கூடாது.