திருத்த வருகிறவர்களிடமிருந்து காப்பது யார்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பஸ் ஏற்றிவிடும் தாய்க்கு இரண்டு பயங்கள் இருக்கும். ஒன்று, தூர இடத்தில் பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்பது. மற்றது, பகிடிவதையில் பிள்ளைக்கு என்ன செய்வார்களோ என்பது. இந்த இரண்டு பயங்களுக்கும் இலங்கை அரசிடம் சட்டம் இருக்கிறது. ஆனால் அவை ஒரே வகையான சட்டங்கள் அல்ல.

பகிடிவதைக்கு எதிரான சட்டம் பிறந்ததற்குப் பேராதனையே முக்கிய காரணம். 1975இல் விவசாய பீட மாணவி ஒருவர் பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து, நடக்க முடியாதவரானார். 1997 ஒக்டோபரில் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர், கடும் உடற்பயிற்சிகள் செய்விக்கப்பட்டதால் சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கல்வி நிறுவனத்தில் ஒருவருக்கு உடல் அல்லது உளக் காயத்தையோ மனவேதனையையோ பயத்தையோ ஏற்படுத்தும் செயலே பகிடிவதை என்கிறது அச்சட்டம். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பாலியல் தொல்லையோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து ஆண்டுகள் வரை.

இப்போது தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகளைப் பார்ப்போம். பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த கோவை இது. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது 365. வயது வந்த இருவருக்கிடையிலான ‘பாரதூரமான அநாகரிகச் செயலுக்கு’ இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது 365அ. ஆண்களை மட்டும் குறித்த இந்தப் பிரிவு, 1995இல் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது.

இரண்டு, பத்து என்று எண்கள் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் முதற் சட்டத்தில் காயப்பட்ட ஒருவர் இருக்கிறார். இரண்டாவதில், இருவரும் சம்மதித்து வாழும்போது, காயப்பட்டவர் என்று யாருமில்லை. ‘ஒழுக்கம்’ என்ற சொல் மட்டுமே முறைப்பாட்டாளராக நிற்கிறது.

மக்களின் ஒழுக்கத்தை அரசு சட்டத்தால் வகுக்கலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இந்தக் கோவையைத் தந்த பிரித்தானியாவிலேயே 1957இல் வொல்பென்டன் குழு, தனிமனித ஒழுக்கத்தில் சட்டத்துக்கு வேலையில்லாத ஓர் எல்லை இருக்க வேண்டும் என்று அறிக்கையிட்டது. 1967இல் அங்கு சட்டம் மாறியது. 2018இல் இந்திய உயர் நீதிமன்றமும் தன் 377ஆம் பிரிவின் அப்பகுதியை நீக்கியது. தந்தவர்கள் கைவிட்டதை நாம் ‘எமது கலாசாரம்’ என்று காத்துவருகிறோம்.

இங்கு இது நிலைப்பதற்கு அரசியலமைப்பே காரணம். உறுப்புரை 16, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 2016இல் ஒரு தீர்ப்பில், வயது வந்தோரின் சம்மதமான உறவைக் குற்றமாக்குவது காலத்துக்கு ஒவ்வாதது என்ற கருத்தை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என்றாலும் சட்டம் சட்டமாகவே இருந்ததால் சிறைத்தண்டனையை ஒத்திவைக்க மட்டுமே அதனால் முடிந்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. சாதாரண பெரும்பான்மை போதுமாக இருந்தது. 2024 செப்டெம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

போரைக் கண்ட தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோருக்குப் பதில் இல்லாதபோது, காணி விடுபடாதபோது, இது அவசியமான பேச்சா?

அரசியலமைப்பின் உறுப்புரை 15(7)ஐ ஒருமுறை வாசியுங்கள். சமத்துவம், கைதிலிருந்து பாதுகாப்பு, பேச்சுச் சுதந்திரம் ஆகிய உரிமைகளை எவற்றின் பெயரால் கட்டுப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் ‘தேசிய பாதுகாப்பு’ இருக்கிறது. அதே வாக்கியத்தில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லும் இருக்கிறது. முதற்சொல் எங்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதை நாங்கள் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலிருந்து அறிவோம். எல்லை வரையறுக்கப்படாத சொல்லுக்குப் பொருள் சொல்பவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிதான். 2019 மே மாதத்தில் கண்டி மாவட்டத்தின் ஹசலகவில், கப்பற் சுக்கானின் படம் பொறித்த உடை அணிந்த முஸ்லிம் பெண் ஒருவர் கைதானார். சுக்கான் தர்மச்சக்கரமாகப் பார்க்கப்பட்டது. இரு வாரங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். மத உணர்வின் பேரால் வரும் கைதும் ஒழுக்கத்தின் பேரால் வரும் கைதும் ஒரே வழியால்தான் வருகின்றன: பார்ப்பவரின் மனம் புண்பட்டால் போதும்.

இதில் அரசை மட்டும் குற்றம்சாட்டிவிட்டுப் போக எங்களால் முடியாது. 1980களில் யாழ்ப்பாணத்தில் ‘சமூக விரோதி’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி, மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களை எங்கள் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். சுட்டவை எங்கள் இயக்கங்கள். விசாரணை இல்லை, மறுப்புச் சொல்ல இடமில்லை. கள்வர், நடத்தை சரியில்லாதவர், தகவல் கொடுத்தவர் என்று காரணம் எழுதிவிட்டால் ஊர் கலைந்துபோனது. சமூகத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்ற நம்பிக்கை சுட்டவர்களுக்கு இருந்தது. பார்த்து நின்ற சிலருக்கும் இருந்தது.

பகிடிவதை செய்யும் சிரேஷ்ட மாணவரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். புதுமுக மாணவி என்ன உடுக்க வேண்டும், எப்படித் தலை பின்ன வேண்டும், யாரோடு கதைக்கலாம் என்று அவர்கள் எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். ‘ஒழுங்கு பழக்குகிறோம்’ என்பார்கள். அதாவது பகிடிவதையும் ஒழுக்கத்தைச் சட்டமாக்கும் ஒரு சிறு அரசாங்கமே. 1997இல் இறந்த மாணவருக்கும் யாரோ ஒருவர் எதையோ பழக்கிக்கொண்டுதான் இருந்தார்.

எனவே அரசு ஒழுக்கத்தில் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலையும் வன்புணர்வும் சிறுவர் துஷ்பிரயோகமும் ஒழுக்கக்கேடுகளே. அவற்றைச் சட்டம் தண்டிப்பது, அங்கே ஒருவர் காயப்படுவதால். ஒருவரைக் காயத்திலிருந்து காக்கும்போது சட்டத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒருவரைத் திருத்தப் புறப்படும்போது அது சிரேஷ்ட மாணவரின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. பெண்கள் மதுபானம் வாங்குவதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி அந்த நீக்கத்தை மீளப்பெறச் சொன்னார். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இன்னொரு பக்கம், காக்க வேண்டிய சட்டம் தூங்குகிறது. 1998இன் சட்டம் இருந்தும், 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சட்டத்தில் தண்டனை குறைவென்று சொல்ல முடியாது. முறைப்பாடு செய்த பிள்ளை அடுத்த நாளும் அதே விடுதியில்தான் படுக்க வேண்டும் என்பதே பிரச்சினை. வடக்கிலிருந்து வந்த பிள்ளையானால், சிங்களத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தில் வாசிக்காமலே கையொப்பமிடும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. 365, 365அ பிரிவுகளில் வயது வந்தோரின் சம்மதமான உறவைக் குற்றமாக்கும் பகுதி நீக்கப்பட வேண்டும். வீதியில் நிற்பவரை ‘நடத்தை’ பார்த்துக் கைதுசெய்யப் பயன்படும் 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் போக வேண்டும். பகிடிவதை முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும், கொடுத்தவருக்கு வேறு விடுதி கிடைக்கவும் ஒழுங்கு வேண்டும்.

மகாவலிக் கரையோரம் பேராதனை வளாகத்தில் ‘காதலர் பாதை’ என்று ஒரு பாதை உண்டு. அங்கே இரண்டு பேர் கைகோத்து நடப்பதைப் பற்றித் தாய்மாருக்குக் கவலை இருக்கலாம். அதைப் பிள்ளையோடு கதைத்துத் தீர்க்கலாம். விடுதிக்குள் இரவில் கதவு தட்டப்படும்போதுதான் அந்தப் பிள்ளைக்குச் சட்டம் வேண்டும்.