கருவி ஆசையும் கலைக் கண்ணும்

பொழுதுபோக்குகள் மனித மனத்தைப் பண்படுத்துவன. அவற்றுள் புகைப்படக்கலை தனிச் சிறப்புடையது. ஓடும் காலத்தின் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தி, பின்வரும் தலைமுறைக்குக் கையளிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எமது மாணவர்களிலும் பெற்றோரிலும் பலர் இக்கலையில் நாட்டம் கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், படம் பிடிப்பதிற் செலவாக வேண்டிய நேரமும் பணமும் கமராவைத் தெரிவு செய்வதிலேயே கரைந்து போவதை அண்மைக் காலமாக அவதானிக்கின்றோம். எந்தக் கமரா, எந்த வில்லை, அடுத்து வரவிருப்பது எது என்ற ஆராய்ச்சிக்கு முடிவே இல்லை. வாங்கியது வீடு வந்து சேருமுன்னரே அதனினும் சிறந்ததொன்று கண்ணிற் பட்டுவிடுகின்றது. இது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

ஆசை பிறக்குமிடம்

வள்ளுவப் பெருந்தகை திருக்குறளின் 37ஆம் அதிகாரத்தை அவாவறுத்தலுக்கென்றே ஒதுக்கினார். கமரா மீதான அவாவோ தானாகப் பிறப்பது மட்டுமன்று, திட்டமிட்டு வளர்க்கப்படுவதுமாகும். கமராவும் வில்லையும் பொருந்தும் இணைப்பு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நிறுவனத்தின் கமராவை வாங்கியவர் அதற்குப் பொருந்தும் வில்லைகளையே தொடர்ந்து வாங்க நேர்கின்றது. நிக்கோன் 1959இலும் கனன் 1987இலும் அறிமுகப்படுத்திய இணைப்பு முறைகள் நெடுங்காலம் நிலைத்தன. 2018இல் இவ்விரு நிறுவனங்களும் உள்ளே ஆடியற்ற கமராக்களுக்கெனப் புதிய இணைப்பு முறைகளைக் கொண்டுவந்தன. பழைய வில்லைகள் பலவற்றை இடைவளையமொன்றின் உதவியுடன் புதிய கமராவிற் பொருத்தலாம். எனினும், அனைத்தையும் விற்றுப் புதிதாக வாங்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுந்தது. அவர்களுடைய பழைய கமராக்கள் ஒன்றும் பழுதாகிவிடவில்லை.

கணக்குப் பார்ப்போம்

எமது மாணவர்கள் கணிதத்தில் வல்லவர்கள். ஏ4 தாளில், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட 2480 × 3508 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் போதுமானவை. 3840 × 2160 அளவுடைய தொலைக்காட்சித் திரைக்கு 83 இலட்சம் போதும். ஆகவே 120 இலட்சம் புள்ளிகளைக் கொண்ட பழைய கமராவே வீட்டுத் தேவையை நிறைவு செய்யும். 450 இலட்சம் புள்ளிகள் எதற்கு? சுவரளவு அச்சிடுவோருக்கும், படத்தின் சிறு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவோருக்கும் அவை பயன்படும். ஏனையோருக்கு அவை கணினியின் இடத்தையே நிரப்பும்.

கருவி முக்கியமன்று என்று நாம் கூறவில்லை. எமது ஆண்டு விழா மேடையையே எடுத்துக்கொள்வோம். மங்கிய ஒளியில் ஆடும் பிள்ளையைப் படம் பிடிக்கையில், கமராவோடு வரும் சாதாரண வில்லையின் துவாரம் 5.6 என்ற அளவிலேயே நின்றுவிடும், படமும் கலங்கிவிடும். 1.8 வரை திறக்கும் எளிய வில்லையோ ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். இவ்வேறுபாடு உண்மையானது. ஆனால் 1.8இலிருந்து 1.2க்குச் சென்றால் கிடைப்பது இரண்டேகால் மடங்கு ஒளியே. விலையோ பத்து மடங்கையும் எட்டுவதுண்டு. முதலாவது தேவை, இரண்டாவது பெரும்பாலும் ஆசை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கருவி வாங்குவோனின் கல்வி.

முன்னோர் காட்டும் வழி

ஜூலியா மார்கிரெட் கமரூன் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு 1863இல், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் அளித்த அன்பளிப்பாகவே முதற் கமரா கிடைத்தது. கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கி அவர் உழைத்தார். முகங்களைப் பெரிதாகப் பிடிக்க வேண்டுமென்பது தெளிவான பின்னரே பெரிய கண்ணாடித் தகடுகள் கொள்ளும் கமராவுக்கு மாறினார். 1875இல் இலங்கைக்குச் சென்று, 1879இல் மலையகத்திலேயே காலமான அவர், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் தொழில் முதலில் வந்தது. தேவை அதிலிருந்து பிறந்தது. கருவி கடைசியாக வந்தது. எம்மவர் பலரிடத்தில் இவ்வொழுங்கு தலைகீழாக உள்ளது.

நாம் இழப்பது எதனை?

பணம் மட்டும் வீணாவதாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. எமது குடும்பங்களில் மூத்தவர் ஒருவர் காலமானதும், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் தேடுகின்றோம். வீட்டில் விலையுயர்ந்த கமரா இருக்கும். அதன் கூர்மையைச் சோதிக்கப் பிடித்த பூக்களும் செங்கற் சுவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்பாச்சியின் முகம் மட்டும் இராது. இறுதியில் கடவுச்சீட்டுப் படமோ, திருமணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த மங்கலான தலையோ மலரில் இடம்பெறும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, குடும்பப் படங்களை விட்டு வந்தோர் பலர். தப்பி வந்த ஓரிரு ஸ்ரூடியோப் படங்களை இன்றும் நாம் உறையிலிட்டுப் பாதுகாக்கின்றோம். அவை எந்தக் கமராவாற் பிடிக்கப்பட்டவை என்று எவரும் கேட்பதில்லை. படத்தில் இருப்பவர் யார், எவ்வூர், எந்த ஆண்டு என்றே கேட்கின்றோம்.

அன்பு மாணவர்களே! உங்களிடமிருக்கும் கமரா, அது கைத்தொலைபேசியாயினும் சரி, அதனோடு ஓராண்டு பழகுங்கள். அதனால் இயலாமற் போனவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். ஒரே குறை பத்து முறை எழுதப்பட்டிருந்தால், அதைத் தீர்க்கும் பொருளைக் கேளுங்கள். பெற்றோரே! அவ்வாறு கேட்கும் பிள்ளைக்கு மறுக்க வேண்டாம். பழைய இணைப்பு முறை வில்லைகள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன.

அதற்கு முன்னர், வரும் விடுமுறையில் உங்கள் அப்பாச்சி, அம்மம்மா, தாத்தா ஆகியோரை யன்னலோர வெளிச்சத்தில் இருத்திப் படம் பிடியுங்கள். அதனை அச்சிட்டு, பின்புறத்தில் அவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இப்பாடசாலையிற் கற்ற தமிழில் உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். அப்படம் உங்கள் பிள்ளைகளுக்கும் பேசும்.