பழைய எஞ்சின்களில் ஓடும் குடாநாடு: வெடிப்பைப் பார்ப்பது யார்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் வரியையும் ரூபாயின் இன்றைய பெறுமதியையும் சேர்த்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு திறந்ததாகவே தெரியாது. அவர் பழைய வண்டியைத்தான் ஓட்டுகிறார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை நாங்கள் டொலரில் மட்டும் கணக்குப் பார்த்தோம். எஞ்சினுக்குள் இருக்கும் வார்ப்பு அலுமினியம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது.

நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் நிமிடத்துக்கு 1500 தடவை எரிவாயுவின் அடியை வாங்குகிறது, மணிக்கு 90,000. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் ஒரே மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். உருக்கு, சுமை ஒரு எல்லைக்குள் இருக்கும்வரை பொதுவாக எத்தனை கோடி அடியையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறிய சுமையானாலும் போதிய தடவை விழுந்தால் வெடிப்பு தொடங்கலாம். இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு இன்னொரு பாடும் உண்டு. நிறுத்தி நிறுத்தி ஓடும் ஓட்டோவில் அது நாள் முழுவதும் சூடாகி ஆறுகிறது. வால்வுக்கும் பிளக்குக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடத்தில் வெடிப்பு விழுவது அதனால்தான்.

வெடிப்பு பெரும்பாலும் வார்ப்பிலேயே இருந்த குறையிலிருந்துதான் புறப்படுகிறது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சும். இறுகும்போது அது ஊசித்துளைகளாக நின்றுவிடும். பழைய இரும்பு ஆணியோடு சேர்த்து உருக்கிய கழிவு அலுமினியத்தில் வார்த்த பாகமென்றால் நிலைமை இன்னும் மோசம். இரும்பு அதிகமானால் உள்ளே தகடு தகடாகப் பளிங்குகள் உருவாகி, வெடிப்புக்கு வழி திறந்துவிடும். விலை குறைந்த போலிப் பிஸ்டனையும் நல்ல பிஸ்டனையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாததற்கு இதுதான் காரணம். பளபளப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இது எங்களுக்குப் புதிய பாடமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே தட்டி எரியும். பிஸ்டனின் தலை அந்த அடியைத் தாங்கவேண்டும். அந்த நாட்களின் கராஜ் கெட்டித்தனத்தை நாங்கள் பெருமையாகப் பேசுவோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அது தடை கொடுத்த கட்டாயம். அதையே வழமையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கடற்கரையில் விடயம் இன்னும் பாரதூரமானது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. தொழிலாளியின் கையில் எஞ்சின் பராமரிப்புக்கு மிஞ்சும் பணம் சுருங்கியது. வெளியிணைப்பு இயந்திரத்தின் வார்ப்பு உடலில் உப்பு அரித்த ஒவ்வொரு குழியும் வெடிப்பு தொடங்கத் தோதான இடம். வீதியில் எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம்.

வெடித்த ஹெட்டை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டுவது இங்கே சாதாரணம். ஒட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்த அலுமினியம் தொழிற்சாலையில் சூடாக்கி, நீரில் தணித்து, மீண்டும் இளஞ்சூட்டில் வைத்துப் பலமேற்றப்பட்டது. வெல்டிங் சூடு பட்ட ஓரம் அந்தப் பலத்தை இழந்துவிடும். அடுத்த வெடிப்பு ஒட்டிலல்ல, ஒட்டின் பக்கத்தில் வரும். மெக்கானிக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. திரும்பப் பலமேற்ற அவரிடம் உலை இல்லை.

வருடாவருடம் கட்டாயமாக நடக்கும் பரிசோதனை புகையை அளக்கிறது. வெடிப்பைப் பார்க்க எவரும் இல்லை. அதற்கான எளிய முறை பெரிய செலவல்ல: பாகத்தை எண்ணெய் போகக் கழுவி, சிவப்புச் சாயம் பூசி, சற்றுநேரம் விட்டுத் துடைத்து, வெண்பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிவப்புக் கோடாக எழும்பும். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான். மாதம் ஒருநாள் குருநகரிலோ மயிலிட்டியிலோ ஒரு மேசை போட்டு இந்தச் சோதனையைச் செய்துகாட்ட அவர்களால் முடியும். கடற்றொழில் சங்கங்கள் கேட்கவேண்டும். பாகத்தைக் கழற்றிக்கொண்டு வர ஆட்கள் தயங்கமாட்டார்கள்.